ஒரு வளவு கேட்கிறார்கள்

எங்கள் கடையில் பாண் அடுக்கும் தட்டுக்கும் லொத்தர் மெஷினுக்கும் நடுவே ஒரு முழ நீள இடம் இருக்கிறது. ஊர்ச் சமாச்சாரங்களுக்கென்று நான் விட்ட இடம். காணாமல்போன பூனையின் படம், தேவாலயத்துக் கேக் விற்பனை, இறந்துபோன பழைய தபால்காரரின் நினைவுக்கூட்டம் எல்லாம் அங்கேதான் வரும். போன வருடம் வைகாசியில், ஞாயிறுப் பத்திரிகை வாங்க வருகிற ஓர் அம்மையார் ஒரு கிளிப் போர்டும் கயிறு கட்டிய பேனையும் கொண்டுவந்தார். “சிவா, இதை இங்கே வைக்கலாமா? ஊருக்கு நல்லதுக்குத்தான்” என்றார். என் முழுப்பெயரை இந்த எசெக்ஸ் கிராமத்தில் 2007இலிருந்து ஒருவரும் சொன்னதில்லை. நான் வாசித்துப் பார்க்காமலே தலையாட்டினேன்.

கடை பூட்டும்போதுதான் வாசித்தேன். கவுன்சில் தயாரிக்கும் புதிய உள்ளூர்த் திட்டத்தில், எங்கள் ஊரின் ஓரத்தில் கண்ணாடிக்கூடங்கள் இடிந்து கிடக்கும் ஒரு காணியில், ஜிப்சி, டிராவலர் குடும்பங்களுக்கு ஆறு ‘பிட்ச்’ ஒதுக்கும் யோசனை இருந்தது. அதை ஊர் எதிர்க்கிறது. ஒப்பங்கள் அதற்குள் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டன. பாதிப் பேரின் சிகரெட் எது, பால் எது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள், எங்களிடம் வழமையாகக் காஸ் எடுக்கிற அம்மா வந்தார். ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளி, தங்கள் சொந்தக் காணியில் நான்கு குடும்பமாக இருக்கிற றோமானி ஜிப்சிகள். பனிக்காலத்தில் 47 கிலோ சிவப்புச் சிலிண்டர் இரண்டு, வெயிற்காலத்தில் சின்னது ஒன்று. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து பென்சில் பிடிக்கப் பழக முன்னரே பொலிஸ் வந்து கிளப்பிவிடும் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பேத்தியும் கூட வந்திருந்தாள். பத்து வயதிருக்கும். பிள்ளை கிளிப் போர்டை எட்டிப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டாள். அம்மா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவுமில்லை. காசை எண்ணி வைத்தார், மிச்சத்தை வாங்கினார். போகும்போது எப்போதும் “கடவுள் காக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போவார். அன்றும் சொன்னார்.

நான் அந்தத் தாளை உடனே எடுத்தேன் என்று எழுத ஆசைதான். எடுக்கவில்லை. நான்கு நாள் அது அங்கேயே கிடந்தது. கிராமத்துக் கடைக்காரனுக்கு வாடிக்கைதான் சோறு. ஐந்தாம் நாள் பால் கொட்டிவிட்டது என்று பொய் சொல்லி எடுத்தேன். அவர்கள் இன்னொரு பிரதி கொண்டுவந்தார்கள். “பண்டிகைக்கால அட்டைகள் வரப்போகுது, இடமில்லை” என்றேன். வைகாசியில் என்ன பண்டிகை என்று நல்லவேளையாக ஒருவரும் கேட்கவில்லை.

தாளில் இருந்த காரணங்களைச் சொல்கிறேன். போக்குவரத்து நெரிசல். வாய்க்கால் தாங்காது. பள்ளிக்கூடத்தில் இடமில்லை. நகரங்களைச் சுற்றிக் கட்டடம் எழாமல் காக்கிற பசுமை வளையம் பாழாகும். ஊரின் ‘தன்மை’ கெடும். வாசிக்க வாசிக்க எனக்கு இது எங்கேயோ படித்த கடிதமாகத் தெரிந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் பக்கத்துப் பட்டினத்தில் எங்கள் ஆட்கள் ஒரு பழைய களஞ்சியத்தை வாங்கிக் கோயிலாக்க பிளானிங் விண்ணப்பம் போட்டபோது வந்த ஆட்சேபனைகளை நிர்வாக சபைக் கூட்டத்தில் மொழிபெயர்த்து வாசித்தவன் நான்தான். நெரிசல், சத்தம், வாகனத் தரிப்பிடம், ஊரின் தன்மை. ஒருவர் மட்டும் சாம்பாரின் மணத்தைப் பற்றியும் எழுதியிருந்தார். அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்கு இன்றும் ஒரு மரியாதை உண்டு.

எங்கள் கோயில் ஒன்றும் பெரிய வழக்கல்ல. ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் லெட்ச்மோர் ஹீத் என்ற சின்ன ஊரில் பக்திவேதாந்த மேனர் இருக்கிறது. பீட்டில்ஸ் ஜோர்ஜ் ஹரிசன் 1973இல் ஹரே கிருஷ்ண இயக்கத்துக்குக் கொடுத்த வீடு. கிருஷ்ண ஜெயந்திக்குச் சனம் பெருகப் பெருக, ஊர்க்காரர் எதிர்க்க, கவுன்சில் பொது வழிபாட்டை நிறுத்தப் பார்க்க, வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. 1996இல் ஊருக்குள்ளே நுழையாமல் போகிற தனிப் பாதை ஒன்றோடு அனுமதி கிடைத்தது. நானும் குடும்பத்தோடு அந்தப் பாதையால்தான் போய்வருகிறேன். ஆட்சேபனை நெரிசலைப் பற்றி என்றால் அதற்கு மருந்து பாதை. மனுசரைப் பற்றி என்றால் எந்தப் பாதை போட்டும் தீராது. பிளானிங் சட்டம் முதலாவதை மட்டும்தான் காதில் போடும். வீட்டு விலை விழும் என்பதைக்கூட அது ஒரு காரணமாக எடுப்பதில்லை.

வீட்டு விலையை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஓடியது அந்தக் கதைதான். யாரோ ஆங்கிலத்தில் எழுதிய ஆட்சேபனைக் கடிதத்தைப் போட்டு, “கீழே பெயரைப் போட்டு அனுப்பிவிடுங்கோ” என்று ஒருவர். “செய்தாச்சு அண்ணை” என்று பத்துப் பேர். நான் ஏதோ பதில் எழுதப் போக, மனுசி எட்டிப் பார்த்தா. “இஞ்சாருங்கோ, உந்த வில்லங்கம் எங்களுக்கேன்? எங்களையே அவங்கள் இப்பத்தான் விட்டு வைச்சிருக்கிறாங்கள்.” அவ சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

முதலில் ஆட்கள் யார் என்று தெரிய வேண்டும். நாங்கள் ‘நாடோடி’ என்று ஒரே சொல்லில் சுருட்டிவிடுகிறோம். றோமானி ஜிப்சிகள் ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள். எகிப்தியர் என்று தவறாக நினைத்ததால் வந்த பெயர்தான் ஜிப்சி. 1530இல் இங்கிலாந்து அவர்களை வெளியேறச் சொன்னது. 1554இல் வெளியேறாதவர்களுக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டது. காஸ் அம்மா தண்ணீரை ‘பானி’ என்பார், நெருப்பு ‘யாக்’, மூக்கு ‘நாக்’. ஹிந்திப் படம் பார்த்த எங்கள் பிள்ளைகளுக்குக்கூட விளங்கும். ஐரிஷ் டிராவலர்கள் வேறு. அயர்லாந்திலேயே தோன்றிய, தங்களுக்கென்று ஒரு பேச்சும் உள்ள சமூகம். இரண்டையும் இனக்குழுக்களாக நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. 2021 குடிசன மதிப்பீட்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர்’ என்று பதிந்தவர்கள் 71,440 பேர். அதில் ஐந்தில் ஒரு பங்கினர்தான் கேரவனில் இருக்கிறார்கள். மிச்சப் பேர் எங்களைப்போலச் செங்கல் வீட்டில். சிலர் விரும்பிப் போனவர்கள், சிலர் கேரவன் நிறுத்த இடம் கிடைக்காமல் போனவர்கள்.

இனி, பிட்ச் என்றால் என்ன? இந்தச் சொல்லுக்குக் கனகாலம் எனக்குத் தமிழ் கிடைக்கவில்லை. கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். ஒரு பனிநாளில் அவர்களுடைய வான் கிளம்பாமல்போய், நானே சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே நின்றபோது சொல் தானாக வந்தது: வளவு.

படலையைத் திறந்தால் சரளைக்கல் முற்றம். ஒரு பக்கம் அசையாமல் நிற்கிற பெரிய கேரவன், குடும்பம் இருக்கிற வீடு. அதன் பக்கத்தில் பயணத்துக்கான சின்னக் கேரவன். நெருப்புப் பயத்துக்காக அயல் கேரவனுக்கும் இதற்கும் ஆறு மீற்றர் இடைவெளி. இவையெல்லாவற்றுக்கும் எதிரே, தனியாக, செங்கல்லால் கட்டிய ஒரு சின்னக் கட்டடம். அதற்குள்தான் குளியலறை, கக்கூஸ், உடுப்புத் தோய்க்கிற மெஷின் எல்லாம். கேரவனுக்குள்ளே நல்ல கழிப்பறை இருந்தும் அதை அவர்கள் பாவிப்பதில்லை. அம்மா எனக்குத் தேநீர் ஊற்ற முன் கோப்பையைக் கழுவிய பேசின் வேறு, கைகழுவியது வேறு. ஒன்றில் செய்ய வேண்டியதை மற்றதில் செய்தால் அது ‘மொக்கடி’ என்றார். எங்கள் வாயில் தீட்டு. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன். அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் பொன்விளிம்புக் கோப்பைகள், தூசி இல்லாமல்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவிலும் வீடு ஒரு மூலை, கிணறு ஒரு மூலை, கக்கூஸ் பின்வேலியோரம். சாப்பிடுகிற கூரைக்குக் கீழே கக்கூஸ் வைக்கிற லண்டன் வழக்கத்தைப் பார்த்து என் அம்மா, பாவம், முதல் மாதம் முழுக்க முகம் சுளித்தபடியே இருந்தா. அரசாங்கம் 2008இல் போட்ட வழிகாட்டியில், ஒரு பிட்சுக்குப் பெரிய கேரவன், சின்னக் கேரவன், இரண்டு வாகனம், உடுப்புக் காயவிட இடம், இந்தத் தனிக் கட்டடம் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும் என்று இருந்தது இந்த வழக்கத்துக்காகத்தான். ஆனால் விண்ணப்பம் போகும்போது, “இந்தச் செங்கல் கட்டடம் அளவுக்கு மிஞ்சியது, பங்களா கட்டப் பார்க்கிறார்கள்” என்று ஆட்சேபனை வரும். லாஃப்ட் உடைத்து மூன்று அறை போட்ட எங்கள் ஆட்களும் அதில் ஒப்பமிடுவார்கள்.

இந்த நாட்டில் இவர்களுக்கு இடம் இல்லாமல்போனது இயற்கையாக நடந்ததல்ல. பழைய காலத்தில் பொதுப்புற்றரைகளிலும் பண்ணையோரங்களிலும் நின்றார்கள், அறுவடை செய்தார்கள், பியருக்கான ஹொப்ஸ் பறித்தார்கள். 1960இன் சட்டம் ஒன்று கேரவன் தளங்களுக்கு உரிமப்பத்திரம் வேண்டும் என்றது. பொதுப்புற்றரைகளை அவர்களுக்கு மூடிவிடவும் கவுன்சில்களுக்கு அதிகாரம் கொடுத்தது. நின்ற இடங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஓர்பிங்டன் தொகுதியின் லிபரல் உறுப்பினர் எரிக் லபக் அதற்கு மறுமருந்தாகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அதுதான் 1968இன் கேரவன் தளங்கள் சட்டம். கவுன்சில்கள் தளம் அமைத்துத்தான் ஆகவேண்டும் என்று முதல்முறையாகக் கடமை வைத்தது. பல கவுன்சில்கள் இழுத்தடித்தன. என்றாலும் இன்றைக்கு இங்கிலாந்தில் இருக்கும் பொதுத் தளங்களில் பெரும்பங்கு அந்தச் சட்டத்தின் பிள்ளைகள்.

அமைத்த இடங்களைப் பார்த்தால் கவுன்சில்களின் மனது தெரியும். நெடுஞ்சாலையோரம், குப்பைமேடு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துப் பக்கம், ரயில்பாதைக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவில். லண்டன் மேற்கில் வெஸ்ட்வே மேம்பாலச் சந்தியின் கீழே ஸ்டேபிள் வே என்ற தளத்தைப் போய்ப் பாருங்கள். ஒக்ஸ்ஃபோர்ட் பக்கம் போகிற கார்கள் அவர்களுடைய தலைக்கு மேலே ஓடுகின்றன. வேறு எவருக்கும் வீடு கட்ட அனுமதி கிடைக்காத மண்ணைத் தேடிப்பிடித்து இவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் ஊரோடு ஒட்டாமல் இருக்கிறார்கள் என்று குறை சொல்கிறோம்.

1994இல் அந்தக் கடமையையும் நீக்கினார்கள். நீங்களே காணி வாங்கி, நீங்களே அனுமதி எடுங்கள் என்றது அரசாங்கம். அப்படி வாங்கிய காணிகளில் ஒன்றுதான் எங்கள் கடையிலிருந்து ஆறு மைலில், பசில்டனுக்குப் பக்கத்தில் இருந்த டேல் ஃபார்ம். முன்பு பழைய இரும்புக்கடை நடந்த நிலம், ஆனால் தாளில் பசுமை வளையம். பக்கத்திலிருந்த பாதித் தளத்துக்கு அனுமதி இருந்தது, மறுபாதிக்கு இல்லை. பத்து வருட வழக்குக்குப் பிறகு 2011 ஒக்டோபர் 19ஆம் திகதி விடியற்காலையில் கலகத்தடுப்புப் பொலிஸ் உள்ளே இறங்கியது. அன்று கடை திறக்கும்போதே ஹெலிகொப்டர் சத்தம். ஏறத்தாழ 80 குடும்பங்களை எழுப்பினார்கள். கவுன்சிலுக்கும் பொலிசுக்குமாகச் செலவு 70 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அத்தனைக்குப் பிறகு போனவர்கள் எங்கே போனார்கள்? பலர் பக்கத்துத் தளத்துக்கு, உறவுக்காரரோடு நெருக்கிக்கொண்டு. இன்னும் பலர் அந்தத் தளத்துக்குப் போகிற ஒழுங்கையோரத்திலேயே, தண்ணீரும் கக்கூசும் இல்லாமல். வருடக்கணக்கில் அப்படியே நின்றார்கள்.

அந்தக் காசை எத்தனை வளவுகளால் வகுக்கலாம் என்று நான் கல்லாப்பெட்டிக் கணக்கைப்போல இன்றைக்கும் வகுத்துப் பார்ப்பதுண்டு.

பிறகு வந்த கொள்கைகளில் நல்லதும் உண்டு. 2012இலிருந்து ஒவ்வொரு கவுன்சிலும் தன் எல்லைக்குள் எத்தனை பிட்ச் தேவை என்று கணக்கெடுத்து, ஐந்து வருடத்துக்குப் போதுமான இடத்தைத் திட்டத்தில் காட்ட வேண்டும். கணக்கெடுப்பு ஒன்றும் மாயமில்லை. ஆட்கள் வந்து தளம் தளமாகக் கேட்பார்கள்: எத்தனை குடும்பம், எந்தப் பையனுக்குக் கலியாணம் வரும், ஒரே பிட்சில் எத்தனை பேர் நெருக்கியடிக்கிறீர்கள். மகன் கலியாணம் கட்டினால் ஒரு வளவு. எங்கள் கவுன்சிலின் திட்டத்தில் வீடுகள் ஆயிரக்கணக்கில். பிட்சுகள் பத்து, இருபது என்ற கணக்கில். ஆயிரத்தை எதிர்த்து வந்த கடிதங்களைவிட அந்த இருபதை எதிர்த்து வந்தவை கூட என்று ஊர்க் கூட்டத்தில் ஒரு கவுன்சிலரே சலித்துக்கொண்டார்.

இடையில் 2015இல் ஒரு கூத்து நடந்தது. வயது, நோய் காரணமாகப் பயணத்தை நிரந்தரமாக நிறுத்தியவர் பிளானிங் சட்டத்தின் கண்ணில் இனி டிராவலர் இல்லை என்று வரைவிலக்கணத்தை மாற்றினார்கள். கேரவனில் பிறந்து, கேரவனில் பிள்ளை பெற்று, கால் இயலாமல் கேரவனுக்குள்ளேயே படுத்துவிட்டால் நீ ஜிப்சி இல்லை! தேவைக் கணக்குகள் பல இடங்களில் ஒரே இரவில் சுருங்கின. நடமாட இயலாத வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரைப் பராமரிக்கிற ஒரு தாயின் வழக்கில், 2022 ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது பாகுபாடு என்று சொன்னது. 2023 மார்கழியில் பழைய வரைவிலக்கணம் திரும்பி வந்தது. எங்கள் சனத்துக்கு இது விளங்க ஒரு வழி சொல்கிறேன்: கோயிலுக்கு நடந்து போக இயலாத கிழவி சைவம் இல்லை என்று ஒருவன் சட்டம் எழுதினால் எப்படி இருக்கும்?

அதே 2022இல்தான், அனுமதியில்லாமல் பிறர் நிலத்தில் வாகனத்தோடு தங்கி, பெருஞ்சேதமோ தொந்தரவோ உண்டாகும் என்று போகச் சொல்லியும் போகாவிட்டால் அது குற்றம் என்று இன்னொரு சட்டம் வந்தது. மூன்று மாதம் வரை சிறை, 2,500 பவுண்டு வரை தண்டம். வாகனத்தையும் பறிக்கலாம். அந்த வாகனம்தான் வீடு என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். நிற்கிறதுக்கு இடம் ஒதுக்காமல், நின்றால் குற்றம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் ஊரில் நான் முகம் காட்ட இயலாது. 2013 கோடையில் எங்கள் கால்பந்து மைதானத்தில் பன்னிரண்டு கேரவன் வந்து எட்டு நாள் நின்றது. போனபிறகு வேலியோரம் குப்பை. மரத் துண்டுகள், தார்ச்சீலை, இன்னும் சொல்லக்கூடாதவை. சனிக்கிழமைப் பிள்ளைகளின் விளையாட்டு இரண்டு கிழமை நடக்கவில்லை. ஊர்க்காரரின் கோபம் பொய்க்கோபமல்ல. ஆனால் அந்த எட்டு நாளில் கவுன்சில் அங்கே ஒரு குப்பைத்தொட்டி வைக்கவில்லை, ஒரு தற்காலிகக் கக்கூஸ் வைக்கவில்லை. வைத்தது நோட்டீஸ் மட்டும். அதே ஆட்கள் என் கடைக்கு வந்து, குப்பைப் பை ஒரு கட்டு வாங்கி, “இதை எங்கே போடுவது?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

லீட்ஸ் நகரத்தில் இதை வேறுவிதமாகச் செய்கிறார்கள். ‘பேசி நிறுத்துதல்’ என்று பெயர். வந்து நிற்பவர்களோடு கவுன்சில் உட்கார்ந்து பேசும். இந்த இடத்தில் இத்தனை நாள் நிற்கலாம், தொட்டியும் கக்கூசும் நாங்கள் தருவோம், நெருப்பு மூட்டாமல், குப்பை போடாமல், அயலவரோடு முறையாக இருப்பது உங்கள் பொறுப்பு. லீட்ஸ் கேட் என்ற டிராவலர் அமைப்பும் கவுன்சிலும் சேர்ந்து வளர்த்த ஏற்பாடு அது. வழக்கறிஞருக்கும் துப்புரவுக்கும் போகிற காசு மிச்சப்படுவதால்தான் அது நீடிக்கிறது. இதில் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. எங்கள் கோயில் தேருக்குத் தெரு மூடும்போது கவுன்சில் எங்களோடு உட்கார்ந்து பேசுகிற அதே பேச்சுத்தான்.

நிரந்தரத் தளத்துக்கு இடம் கிடைக்காததன் சூட்சுமம் காணி விலை. ஒரு வயலில் வீடு கட்ட அனுமதி வந்தால் சொந்தக்காரர் கோடீஸ்வரர். பிட்ச் என்று வந்தால் அந்த விலை இல்லை. பிறகு யார் தன் காணியைத் தருவான்? கில்ட்ஃபோர்ட் கவுன்சில் 2019இல் நிறைவேற்றிய திட்டம் இதற்கு ஒரு வழி வைத்தது: நூற்றுக்கணக்கில் வீடு கட்டுகிற பெரிய தளங்களில் சில பிட்சுகளும் சேர்ந்தே வரவேண்டும். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, பஸ் எல்லாம் வருகிற இடத்திலேயே அந்த வளவுகளும் வரும். மேம்பாலத்துக்குக் கீழே வராது. எங்கள் திட்டத்திலும் அதைச் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். கடமையை 1968இல் இருந்ததுபோலத் திரும்பச் சட்டமாக்க வேண்டும் என்பதும் என் எண்ணம். அது எங்கள் கவுன்சிலின் கையில் இல்லை, பாராளுமன்றத்தின் கையில்.

எனக்குள்ளே இருக்கிற கசடையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் திருவிழா முடிந்த வெளியில் குறவர் வந்து கூடாரம் போடுவார்கள். பாம்பு, குரங்கு, கைரேகை. தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள். சிறுபிள்ளைகளான நாங்கள் கல்லெறிவோம்; பெரியவர்கள் தடுத்ததாக நினைவில்லை. தலை வாராமல் போனால் “குறவன் மாதிரி நிக்கிறாய்” என்பார்கள். 1995இல் வலிகாமத்தை விட்டு ஓடி, கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் பதினொரு பேர் படுத்திருந்தபோது, “எங்களையும் குறவர் ஆக்கிப்போட்டாங்கள்” என்று என் சித்தப்பா அழுதார். அகதிக்கும் ஜிப்சிக்கும் ஒரே கதை என்று நான் சொல்ல வரவில்லை. எங்களுக்குக் கூடாரம் இழப்பு, அவர்களுக்குக் கேரவன் வீடு. ஆனால் அந்த அழுகையில் எங்கள் வீட்டை இழந்த துக்கம் பாதி, எவரோடு சேர்த்து எண்ணப்பட்டோம் என்ற அவமானம் பாதி. கிளிப் போர்டை நான்கு நாள் அங்கே கிடக்கவிட்ட கையில் அந்த மறுபாதி இன்னும் ஒட்டியிருந்தது.

காஸ் அம்மா ஒரு மாதம் கடைப்பக்கம் வரவில்லை. பிறகு வந்தார், சின்னச் சிலிண்டர் ஒன்றுக்கு. தாள் இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்து லொத்தர்ச் சீட்டு விற்பனை விளம்பரம் இருந்தது. பேத்தி அதை முழுக்க வாசித்துவிட்டு ஒரு சீட்டு வாங்கினாள். மூத்த பேரனுக்குப் புரட்டாதியில் கலியாணம் என்றார் அம்மா. “எங்கே இருக்கப் போகிறான்?” என்று கேட்டேன். “எங்களோடுதான், அந்தச் சின்னக் கேரவனில். ஆறு மீற்றர்தான் வராது” என்றார்.

உள்ளூர்த் திட்டத்தின் அடுத்த சுற்றுக் கருத்துக்கேட்பு வரப்போகிறது. எங்கள் கவுன்சிலில் மட்டுமல்ல, இங்கிலாந்து முழுக்க ஒவ்வொரு கவுன்சிலும் ஏதோ ஒரு கட்டத்தில் இதைச் செய்கிறது. நீங்கள் இருக்கிற ஊரிலும் வீட்டுக்குக் கடிதமோ இணையப் படிவமோ வரும். தமிழர்கள் பெரும்பாலும் அதைத் திறப்பதில்லை. திறந்தால் யாரோ எழுதித் தந்த ஆட்சேபனையைப் போடத்தான் திறக்கிறோம். போன சுற்றில் நான் பதினொரு வரி எழுதினேன், எழுத்துப்பிழையோடு. அந்தக் காணி பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது, கழிவுநீர்க் குழாய் வாசலால் போகிறது, ஆறு குடும்பம் என்பது ஊருக்குச் சின்ன எண்ணிக்கை, அந்தக் கண்ணாடிக்கூடத்தில் பத்து வருடமாக எலிதான் குடியிருக்கிறது என்று. படிவத்தில் ‘எதிர்க்கிறேன்’ என்ற பெட்டிக்குப் பக்கத்திலேயே ‘ஆதரிக்கிறேன்’ என்றும் ஒரு பெட்டி இருக்கிறது. தயவுசெய்து அதையும் ஒருமுறை பாருங்கள்.